வீடு கட்ட ஒப்பந்ததாரரை அமர்த்துவது எப்படி: மனை முதல் கடைசித் தவணை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் சொந்த மனையில் தனி வீடு கட்ட முனையும் எவரும் ஒப்பந்ததாரரிடம் முதலில் கேட்பது "சதுர அடிக்கு எவ்வளவு?" என்பதுதான். எந்தப் பரப்பை அளக்கப்போகிறார்கள், எந்தெந்த வேலைகள் அந்தத் தொகைக்குள் அடங்கும், எந்தப் பொருளை எந்தத் தரத்தில் போடுவார்கள் என்ற மூன்றும் எழுத்தில் வராதவரை, அந்தக் கேள்விக்குப் பதிலாகச் சொல்லப்படும் எண்ணுக்குப் பொருள் எதுவும் இல்லை. வேலை பாதியில் நிற்பதற்கும், நன்றாகப் பேசிக்கொண்டிருந்த இருவர் முகம் பார்க்காமல் போவதற்கும், ஆளின் நேர்மைக் குறைவைவிடத் தொடக்கத்தில் பேசாமல் விட்ட விஷயங்களே பெரிதும் காரணமாகின்றன என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இந்த வழிகாட்டி விலையிலிருந்து தொடங்கவில்லை.

ஒப்பந்ததாரரைத் தேடுவதற்கு முன்

கையில் வரைபடம் இல்லாமல் யாரிடமும் மதிப்பீடு கேட்காதீர்கள். அறைகளின் அளவைக் காட்டும் பிளான் மட்டும் போதாது. ஃபூட்டிங் (தூணின் அடித்தளம்), தூண், பீம், தளம் ஆகியவற்றில் எத்தனை மில்லிமீட்டர் கம்பி, எவ்வளவு இடைவெளியில் வரவேண்டும் என்பதைக் காட்டும் ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கும் வேண்டும். இதைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் தனியாகக் கட்டணம் கொடுத்து வாங்குவது நல்லது. ஒப்பந்ததாரரே "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னால், கம்பியை வாங்கப்போகிறவரே அதன் அளவையும் முடிவு செய்கிறார் என்று பொருள்.

மண்ணைப் பற்றியும் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். கரிசல் மண் மழையில் உப்பி, கோடையில் சுருங்கி வெடிக்கும்; அதன் மேல் சாதாரண ஆழத்தில் கடைக்கால் போட்ட வீட்டின் சுவர்களில் சில ஆண்டுகளில் சாய்வான வெடிப்புகள் தோன்றுவதுண்டு. ஏரி, குளம் தூர்த்த மனை, மண் கொட்டி உயர்த்திய மனை ஆகியவற்றிலும் இதே கவனம் தேவை. மண் பரிசோதனைக்கு ஆகும் செலவு வீட்டின் மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்குதான். அது இல்லாமல் வாங்கும் மதிப்பீட்டில் "கடைக்கால் ஆழம் 5 அடி வரை" என்று ஒரு வரி இருக்கும். தோண்டும்போது 5 அடியில் கெட்டி மண் வராவிட்டால் அதற்குக் கீழே போகும் ஒவ்வோர் அடியும் கூடுதல் செலவாக உங்கள் தலையில் விழும்.

அனுமதியைப் பொறுத்தவரை, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டப்படும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையவழியே உடனடி அனுமதி பெறும் வசதி 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. விதிகளுக்கு உட்பட்டே கட்டுவேன் என்று நீங்கள் சான்றளிப்பதுதான் இதன் அடிப்படை. பக்கவாட்டில் விடவேண்டிய இடத்தைக் குறைத்துத் தூணை நகர்த்தலாம் என்று ஒப்பந்ததாரர் யோசனை சொன்னால், அதன் பின்விளைவு உங்கள் பெயருக்குத்தான் வரும்.

மழைக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாவட்டங்களில் கடைக்கால் தோண்டும் வேலையைத் தையில் தொடங்கினால், அடுத்த மழைக்குள் தளம் போட்டு முடிக்கப் போதிய காலம் கிடைக்கும். தையில் தொடங்க வேண்டுமானால் ஆளைத் தேடுவதை ஆவணியிலேயே ஆரம்பித்துவிட வேண்டும். நல்ல மேஸ்திரிகளிடம் கடைசி நேரத்தில் தேதி கிடைப்பதில்லை.

எந்த வகை ஒப்பந்தம்

நடைமுறையில் இரண்டு வகைகளே பெரிதும் வழக்கில் உள்ளன. பொருளை நீங்கள் வாங்கிக் கொடுத்து, கூலியை மட்டும் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுவது லேபர் கான்ட்ராக்ட். பொருளும் கூலியும் சேர்த்து ஒருவரிடமே ஒப்படைப்பது முழு ஒப்பந்தம்.

முதல் வகையில் சிமென்டையும் கம்பியையும் மிச்சம் பிடிக்க ஒப்பந்ததாரருக்குக் காரணம் எதுவும் இல்லை. ஆகவே தரம் குறைவதில்லை, ஆனால் சேதாரம் கூடும். மாலையில் மிஞ்சிய கலவையைக் கொட்டிவிட்டுப் போவார்கள், கம்பித் துண்டுகள் குவியும். இரண்டாம் வகையில் சேதாரம் குறையும்; ஒவ்வொரு மூட்டை சிமென்டும் அவர் கைப்பணம் என்பதால் கலவையில் கைவைக்கும் ஆசை எழ வாய்ப்பு உண்டு. தினமும் காலையும் மாலையும் மனைக்குப் போகக்கூடிய ஒருவர் குடும்பத்தில் இருந்தால் லேபர் கான்ட்ராக்ட் பலன் தரும். வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருந்துகொண்டு கட்டுபவர் அதை எடுக்காமல் இருப்பதே நல்லது; அவர் முழு ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒப்பந்ததாரருக்குத் தொடர்பில்லாத ஒரு பொறியாளரை மேற்பார்வைக்குத் தனியாக அமர்த்த வேண்டும்.

வரியிலும் வேறுபாடு உண்டு. தனி வீடு ஒன்றுக்குக் கூலியை மட்டும் ஒப்பந்தம் செய்தால் அந்தச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது, பொருளோடு சேர்ந்த ஒப்பந்தத்துக்குப் பதிவு பெற்ற ஒப்பந்ததாரர் 18 விழுக்காடு வசூலிப்பார். அவர் சொல்லும் விலையில் அந்த 18 விழுக்காடு அடங்கியிருக்கிறதா என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

ஆளைத் தெரிந்துகொள்வது

உறவினர் சொன்னார், பக்கத்துத் தெருவில் கட்டினார் என்பது தொடக்கத்துக்கு உதவும், முடிவெடுக்க உதவாது. குறைந்தது மூன்று பேரைப் பட்டியலிட்டு, ஒவ்வொருவரிடமும் மூன்று கட்டடங்களைக் காட்டச் சொல்லுங்கள்: கட்டி மூன்று நான்கு மழைக்காலம் கண்ட வீடு ஒன்று, அண்மையில் முடித்த வீடு ஒன்று, இப்போது வேலை நடக்கும் இடம் ஒன்று.

பழைய வீட்டில் வரவேற்பறையைப் பார்ப்பதால் பயனில்லை. மாடிக் குளியலறைக்கு நேர் கீழே உள்ள மேற்கூரையில் ஈரத்திட்டு இருக்கிறதா, சன்ஷேடின் அடிப்பக்கம் கம்பி துருப்பிடித்துப் பூச்சு உப்பியிருக்கிறதா, தூணும் செங்கல் சுவரும் சேரும் கோட்டில் மேலிருந்து கீழாக வெடிப்பு ஓடுகிறதா, மொட்டை மாடியில் மழைநீர் குழாயை நோக்கிச் சரிவாக ஓடுகிறதா என்று பாருங்கள். வீட்டுக்காரரிடம் "வேலை நல்லா இருக்கா?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்ற பதில்தான் வரும். அதற்குப் பதிலாக, பேசிய தொகைக்கும் கடைசியில் கொடுத்த தொகைக்கும் எவ்வளவு வித்தியாசம், பெயின்ட் வேலைக்கும் சில்லறை வேலைகளுக்கும் எத்தனை முறை அழைக்க வேண்டியிருந்தது, குடிபோன பிறகு குறை சொன்னபோது வந்தாரா என்று கேளுங்கள். கடைசிப் பத்து விழுக்காட்டு வேலையில்தான் ஒப்பந்ததாரரின் குணம் தெரியும்.

வேலை நடக்கும் இடத்துக்கு முன்கூட்டிச் சொல்லாமல் போவது நல்லது. சிமென்ட் மூட்டைகள் பலகைமேல், சுவரை ஒட்டாமல் அடுக்கப்பட்டிருக்கின்றனவா, நேற்றுக் கட்டிய சுவர் நனைந்திருக்கிறதா, தளத்துக்குக் கீழே முட்டுக் கொடுத்த சவுக்குக் கட்டைகள் நேராக நிற்கின்றனவா என்பவை ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அங்கேயுள்ள மேஸ்திரிதான் உங்கள் வீட்டுக்கும் வருவாரா, ஒரே நேரத்தில் எத்தனை இடங்களில் வேலை ஓடுகிறது என்பதையும் விசாரியுங்கள். பேசுபவர் ஒருவர், கட்டுபவர் வேறொருவர் என்பது இத்தொழிலில் சாதாரணம். அந்த இன்னொருவரையும் நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மதிப்பீடுகளை ஒப்பிடும் முறை

மூவருக்கும் ஒரே வரைபடத்தையும் ஒரே பொருள் பட்டியலையும் கொடுத்து மதிப்பீடு கேளுங்கள். அப்படியும் அளக்கும் முறை மாறினால் கணக்கு எப்படித் தலைகீழாகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு பார்க்கலாம். தரைத்தளம் 1,200 சதுர அடி, போர்டிகோ 120, பால்கனி 60, மாடிப்படிக்கு மேலுள்ள ஹெட்ரூம் 100 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் சதுர அடிக்கு 2,400 ரூபாய் கேட்கிறார்; ஆனால் போர்டிகோ, பால்கனி, ஹெட்ரூம் மூன்றையும் பாதிப் பரப்பாகவே கணக்கிடுகிறார், தரைத்தொட்டியும் செப்டிக் டேங்கும் அதற்குள் அடக்கம். அவருடைய கணக்கு 1,340 சதுர அடி, 32,16,000 ரூபாய். இரண்டாமவர் 2,200 ரூபாய்தான் கேட்கிறார். எல்லாவற்றையும் முழுப் பரப்பாக எடுப்பதால் 1,480 சதுர அடிக்கு 32,56,000 ரூபாய் வருகிறது, தொட்டி இரண்டும் தனி. சதுர அடிக்கு 200 ரூபாய் குறைவாகத் தெரிந்தவர்தான் உண்மையில் அதிகம் கேட்டவர்.

ஆகவே ஒவ்வொரு மதிப்பீட்டிலும் இவை உள்ளே இருக்கின்றனவா வெளியே இருக்கின்றனவா என்று எழுதி வாங்குங்கள்: தரைமட்டத்தை உயர்த்தக் கொட்டும் மண், கைப்பிடிச் சுவர், லாஃப்ட், மொட்டை மாடித் தட்டோடு அல்லது கூலிங் டைல், சுற்றுச்சுவர், கேட், தரைத்தொட்டி, செப்டிக் டேங்க், மழைநீர் சேகரிப்பு, ஆழ்துளைக் கிணறு, ஜன்னல் கிரில், கட்டுமானத்துக்கான தற்காலிக மின் இணைப்பின் கட்டணம், தண்ணீர்ச் செலவு.

பொருள்களை "நல்ல கம்பெனி", "ஃபர்ஸ்ட் குவாலிட்டி" என்று எழுதுவதை ஏற்காதீர்கள். கம்பி என்றால் எஃப்.இ. 500டி அல்லது 550டி என்ற வலிமைத் தரம், இன்ன இன்ன நிறுவனங்களுள் ஒன்று என்று இருக்கவேண்டும். கான்கிரீட் என்றால் எம்20 அல்லது எம்25 என்ற வலிமைத் தரம். சுவர் என்றால் சேம்பர் செங்கல்லா, நாட்டுச் செங்கல்லா, ஃபிளை ஆஷ் கல்லா. பூச்சுக்குப் பி-சாண்ட், கான்கிரீட்டுக்கு எம்-சாண்ட் (இரண்டும் கல்லை உடைத்துச் செய்யும் செயற்கை மணல்) என்று பிரித்துக் குறிப்பிடவேண்டும். டைல்ஸ், குழாய், கழிப்பறைச் சாமான், கதவு ஆகியவற்றுக்கு ரூபாய் வரம்பு போடுவது வழக்கம். "டைல்ஸ் சதுர அடிக்கு 60 ரூபாய் வரை" என்றால் அந்த 60 ரூபாயில் வரி, ஏற்றுகூலி, வெட்டுச் சேதாரம் அடங்குமா என்பதையும் அதே வரியில் எழுதச் சொல்லுங்கள். மின்சார வேலையை அறைவாரியாக எத்தனை பாயிண்ட் என்று எண்ணிக் குறிக்க வேண்டும், ஏ.சி., இன்வெர்ட்டர், வாட்டர் ஹீட்டர் பாயிண்டுகளை விட்டுவிட்டால் பிறகு ஒவ்வொன்றும் கூடுதல் கணக்கில்தான் சேரும்.

மற்ற இருவரைவிட ஒருவர் மட்டும் மிகவும் குறைவாகக் கேட்டால் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்ளாமல், எந்த வரியில் அந்தக் குறைவு வருகிறது என்று கண்டுபிடியுங்கள். அந்த வரி கிடைக்கவில்லை என்றால் அது கம்பியிலோ சிமென்டிலோ இருக்கிறது.

உடன்படிக்கையும் தவணையும்

பேசி முடித்ததை முத்திரைத்தாளில் உடன்படிக்கையாக எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். வரைபடங்கள், பொருள் பட்டியல், தவணை அட்டவணை ஆகியவை இணைப்புகளாகச் சேர்ந்திருக்க வேண்டும். விலை உயர்வு யாருடைய பொறுப்பு என்பதை எழுதாமல் விடாதீர்கள். கம்பி, சிமென்ட் விலை ஏறினால் எத்தனை விழுக்காடு வரை ஒப்பந்ததாரர் தாங்குவார், அதற்கு மேல் எப்படிப் பகிர்வது என்று முன்பே முடிவு செய்வது இருவருக்கும் நியாயமானது. வேலை முடியும் தேதி, தாமதத்துக்கு வாரத்துக்கு எவ்வளவு கழிவு, பாதியில் பிரிய நேர்ந்தால் அதுவரை செய்த வேலையை யார் அளந்து மதிப்பிடுவது ஆகியவையும் இடம்பெறவேண்டும்.

பணம் எப்போதும் வேலைக்குப் பின்னால் போகவேண்டும். இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நான் பரிந்துரைக்கும் வரிசை இது: உடன்படிக்கையின்போது 5 விழுக்காடு, பிளிந்த் பீம் (தரைமட்டப் பீம்) போட்டு பேஸ்மென்ட் முடிந்ததும் 15, கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டல் மட்டம் வந்ததும் 15, தளம் போட்டதும் 20, சுவரும் பூச்சும் முடிந்ததும் 15, டைல்ஸ், மின்சாரம், குழாய், கதவு வேலை முடிந்ததும் 15, பெயின்ட் முடிந்து ஒப்படைக்கும்போது 10, ஒரு மழைக்காலம் கடந்த பிறகு 5. தொடக்கத்திலேயே 20, 25 விழுக்காடு முன்பணம் கேட்பவருக்கு உங்கள் பணம் முந்தைய வீட்டை முடிக்கத் தேவைப்படுகிறது என்று எண்ண இடமிருக்கிறது. கம்பி வாங்கப் பணம் வேண்டும் என்றால், கடைக்கு நேரடியாகக் கொடுத்துவிட்டுத் தவணையில் கழித்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கடன் வாங்கியிருந்தால் வங்கி எந்தக் கட்டத்தில் பணம் விடுவிக்கும் என்பதைக் கேட்டு, இந்த அட்டவணையை அதோடு பொருத்துங்கள். இல்லாவிட்டால் வேலை முடிந்து பணம் வராமல் ஆட்கள் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள்.

கொடுப்பதெல்லாம் வங்கி வழியாகவே போகட்டும். ஒருவர் ஒரே நாளில் ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ஒரு நிதியாண்டில் ஒப்பந்ததாரருக்குக் கொடுக்கும் தொகை 50 லட்சத்தைத் தாண்டினால், தொழில் நடத்தாத தனிநபரும் வரி பிடித்தம் செய்து கட்டவேண்டும். 2024 அக்டோபர் முதல் அந்தப் பிடித்தம் 2 விழுக்காடு.

தொழிலாளர்களைப் பற்றி ஒரு சொல். மேலே சாரத்தில் நிற்பவர் விழுந்தால் அவர் குடும்பத்துக்கு என்ன ஆகும் என்று கேட்பது நம் கடமை. ஆட்கள் 1994-இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று விசாரித்து, வேலைக்காலம் முழுவதற்கும் ஒப்பந்ததாரர் விபத்துக் காப்பீடு எடுக்கவேண்டும் என்ற விதியை உடன்படிக்கையில் சேருங்கள்.

வேலை நடக்கும்போது

பொருள் வந்து இறங்கும்போதே சில சோதனைகளை யாரும் செய்யலாம். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ இருக்கவேண்டும். 12 மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி 10.66 கிலோ. பத்துக் கம்பிகளை எடைபோட்டு, 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் திருப்பி அனுப்பலாம். உலர்ந்த செங்கல்லை எடைபோட்டு ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து மீண்டும் எடைபோடுங்கள்; எடை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடினால் அந்தக் கல் வேண்டாம். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்ற ஓசை வரவேண்டும்.

தளம் போடும் நாள்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது. அதற்கு முந்தைய நாள் மாலையிலேயே பொறியாளரை அழைத்து வரைபடத்தோடு கம்பியைச் சரிபார்க்கச் செய்யுங்கள். காலையில் மிக்சர் மெஷினும் ஆட்களும் வந்து நிற்கும்போது திருத்தம் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். தளக் கம்பிக்கு அடியில் 20 மி.மீ. உயரக் கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) இருக்கவேண்டும். உடைந்த ஜல்லியையோ டைல்ஸ் துண்டையோ வைப்பதை அனுமதிக்கக்கூடாது. பீமிலும் தூணிலும் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளின் முனை 135 பாகை உள்நோக்கி வளைந்திருக்கவேண்டும். 90 பாகையில் விட்டால் நில அதிர்வில் அது பிரிந்துகொள்ளும். சென்னை 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மூன்றாம் நில அதிர்வு மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது என்பதை மேஸ்திரிகளில் பலர் அறிந்திருப்பதில்லை. பீமுக்கு மேல் வரும் மேல்கம்பியைச் சித்தாள்கள் சட்டியோடு நடந்து மிதித்துக் கீழே அமுக்கிவிடுவதும் அன்றாடம் நடப்பது. நடப்பதற்குப் பலகை போடச் சொல்லுங்கள்.

பிறகு தண்ணீர். ஜல்லி கலவை கெட்டியாக இருந்தால் பரப்பக் கை வலிக்கும் என்பதால் வாளி வாளியாக ஊற்றுவார்கள். 1:1½:3 என்ற கணக்கில் எம்20 கலக்கும்போது 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டர் வரைதான் தண்ணீர் என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 சொல்கிறது, ஈர மணலில் உள்ள நீரும் அதில் சேர்த்தி. மெஷினுக்குப் பக்கத்தில் அளவு குறித்த வாளி ஒன்றை வைத்து, அதைப் பார்த்துக்கொள்ள வீட்டாள் ஒருவரை நிறுத்துங்கள். வைப்ரேட்டர் இரண்டு இருக்கட்டும், ஒன்று நின்றுபோனால் மற்றொன்று வேண்டும். 1,000 சதுர அடித் தளம் 5 அங்குலக் கனத்தில் ஏறக்குறைய 12 கன மீட்டர் கான்கிரீட். அந்த அளவுக்கு இரண்டு மாதிரிகள், மாதிரிக்கு மூன்று கட்டிகள் எடுத்து 28-ஆம் நாள் ஆய்வகத்தில் உடைத்துப் பார்க்கவேண்டும். இது உடன்படிக்கையில் இருந்தால் ஒப்பந்ததாரர் கலவையில் கவனமாகவே இருப்பார்.

பி.பி.சி. சிமென்ட் (சாம்பல் போன்ற பொருள் கலந்த சிமென்ட்) போட்ட தளத்துக்கு நம் வெயிலில் 14 நாள் தண்ணீர் கட்டி வைக்கவேண்டும். 4.5 மீட்டருக்கு மேல் அகலமுள்ள தளத்துக்கு முட்டுக் கட்டைகளை 14 நாளுக்குள் பிரிக்கக்கூடாது. சென்ட்ரிங் பலகைக்கு வாடகை ஏறுகிறது என்று அவசரப்படுத்துவார்கள். பொறியாளர் சொல்லும் நாள்வரை பொறுங்கள்.

பூச்சுக்கு முன்னால் சுவரில் பதித்த மின்குழாய், தண்ணீர்க்குழாய் அனைத்தையும் அளவு நாடா தெரியும்படி அறைவாரியாகப் படம் எடுத்து வையுங்கள். பின்னாளில் ஓர் ஆணி அடிப்பதற்கும் அது பயன்படும்.

கூடுதல் வேலை, தகராறு

வீட்டுக்காரர் மனம் மாறுவதும் தகராறுகளுக்கு ஒரு பெருங்காரணம். ஜன்னலை நகர்த்தச் சொல்வது, ஷெல்ஃப் கூட்டச் சொல்வது எல்லாம் வாய்வார்த்தையில் நடந்து, கடைசியில் லட்சக்கணக்கில் பில்லாக வந்து நிற்கும். எந்த மாற்றமும் அளவு, விலை, கூடும் நாள்கள் ஆகியவற்றோடு வாட்ஸ்அப்பிலாவது எழுதி, மறுபக்கம் ஒப்புக்கொண்ட பிறகே தொடங்கவேண்டும். பழைய வீட்டைப் புதுப்பிக்கும் வேலையில் சுவரை உடைத்தபின்தான் உள்ளிருப்பது தெரியும் என்பதால், மதிப்பீட்டுக்கு மேல் ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கி வைக்காமல் தொடங்க வேண்டாம். அதன்மேல் மாடி எழுப்புவதாக இருந்தால் பழைய ஃபூட்டிங் தாங்குமா என்பதை முதலில் பொறியாளர் சொல்லட்டும்.

வேலை நின்றுவிட்டால் உடனே வேறு ஆளை இறக்காதீர்கள். அன்றைய நிலையைப் படமெடுத்து, பொறியாளரிடம் அளவுக் குறிப்பு வாங்கி, பதிவுத் தபாலில் காலக்கெடு கொடுத்துக் கடிதம் அனுப்புங்கள். ரெரா எனப்படும் மனை, வீட்டு விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம் கட்டி விற்பவர்களுக்கானது. உங்கள் மனையில் உங்களுக்காகக் கட்டும் ஒப்பந்ததாரரை அது கட்டுப்படுத்தாது. ஆனால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவை என்பதற்குள் வீட்டுக் கட்டுமானமும் வருகிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், காரணம் எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். உடன்படிக்கை, வங்கிக் கணக்குப் பதிவுகள், படங்கள், பொறியாளர் குறிப்பு ஆகியவையே அங்கே சாட்சி.

ஒப்படைப்பு

சாவி வாங்குவதற்கு முன் ஒவ்வொரு குளியலறைத் தரையிலும் நீர் வெளியேறும் துளையை அடைத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிறுத்திக் கீழ்த்தளத்தில் கசிவு பாருங்கள். தரைத்தொட்டியையும் மேல்தொட்டியையும் நிரப்பி மட்டத்தைக் குறித்து மறுநாள் சரிபாருங்கள். எல்லாப் பாயிண்டுகளிலும் சுவிட்சைப் போட்டு, எர்த் இணைப்பை எலெக்ட்ரீஷியனைக் கொண்டு அளந்து, ஒவ்வொரு கதவையும் திறந்து மூடி, குறைகளை அறைவாரியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டு ஒப்பந்ததாரரின் கையெழுத்தை வாங்குங்கள். பம்ப், ஹீட்டர், குழாய்ச் சாமான் ஆகியவற்றின் பில்களும் உத்தரவாத அட்டைகளும் உங்கள் பெயரில் கைக்கு வரவேண்டும்.

நிறுத்தி வைத்த 5 விழுக்காட்டை மழைக்காலம் முடிந்தபின், இருவரும் சேர்ந்து மொட்டை மாடியையும் வெளிச்சுவர்களையும் ஒரு முறை சுற்றிப் பார்த்து, கசிவும் வெடிப்பும் சரிசெய்யப்பட்ட பிறகு தாமதமின்றிக் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது, பாக்கி எதுவும் இல்லை என்ற ரசீதைக் கையோடு வாங்கி, உடன்படிக்கையுடன் சேர்த்து வையுங்கள்.